வயித்தைத் திறக்காம அறுக்கலாமா?

மானை வயித்தைக் கிழிக்காமலே வெட்டி எடுக்குற வீடியோ ஒண்ணு இப்போ நம்ம பக்கத்துப் பயலுவ செல்போன்ல எல்லாம் சுத்துது. அமெரிக்காக்காரன் ஒருத்தன் காட்டுக்குள்ள தனியா நிக்கான். மரத்துல கட்டித் தூக்கல, குடலை வெளிய எடுக்கல. காலு, முதுகு, கழுத்துன்னு கறியை மட்டும் பையில கட்டிச் சுமந்துட்டுப் போயிடுதான். அதைப் பாத்துட்டு, "இனிமே கூறுகறிக்கும் இப்படியே அறுத்தா என்ன? நாத்தமும் இல்ல, வேலையும் மிச்சம்"னு கேக்கானுவ. கூடாதுன்னு நான் சொல்லுதேன். ஏன்னு விவரமாவே சொல்லணும்.

முதல்ல ஒண்ணு. அந்த முறையை நான் மட்டம் தட்டல. அதுக்கு ஒரு ஞாயம் இருக்கு. அங்க உள்ள 'எல்க்' மான்ல கிடா 300 கிலோவுக்கு மேல வரும். வண்டி போகாத மலையில அது விழுந்தா ஒத்த ஆளு தூக்கவா முடியும்? அதனால ஒரு பக்கமா படுக்க வச்சு, முதுகெலும்பு ஓரமா தோலைக் கீறி வயித்துப் பக்கமா உரிக்கான். முன்னங்காலுக்கும் உடம்புக்கும் எலும்பு மூட்டு கிடையாது, தசைதான் பிடிச்சிருக்கு. கத்தியை உள்ள விட்டா கழண்டு வந்துரும். பின்னங்காலை இடுப்பு மூட்டுல பிரிக்கான். முதுகுக்கறியை நீளமா எடுத்துட்டு, கடைசி விலாவுக்குப் பின்னால சின்னதா கீறி உள்பக்கத்துக் கறியையும் இழுத்துக்கிடுதான். பொறவு மறுபக்கம் புரட்டி அதே வேலை. குடல் கிழியாததால சாணியும் மூத்திரமும் கறியில படாது. நல்ல கைவேலைதான்.

ஆனா நம்ம ஊர்ல அறுக்குறது கன்னி ஆடும் கொடி ஆடும். நல்ல கிடான்னா 30, 35 கிலோ. ரெண்டு பேரு சேந்து வேப்பமரக் கொப்புல தலைகீழா கட்டிரலாம். தூக்க முடியாதவன் கண்டுபிடிச்ச வழி, தூக்க முடிஞ்சவனுக்கு எதுக்கு?

வயித்தைத் திறக்குறது குடல் தின்னுறதுக்கு மட்டும் இல்ல. அதுதான் நாம ஆட்டுக்குப் பாக்குற கடைசி வைத்தியம். உயிரோட நிக்கும்போது கொழுகொழுன்னு இருக்குற ஆடு உள்ள எப்படி இருக்குன்னு ஈரலைப் பாத்தாத்தான் தெரியும். ஸ்ரீவைகுண்டம் தென்கால் பாசனத்துக் குளத்துக் கரையில மேஞ்ச ஆடுன்னா ஈரல் குழாய்ல இலை மாதிரி தட்டைப்புழு இருக்கும். குளத்து நத்தை வழியா புல்லுக்கு வந்து, புல்லு வழியா ஆட்டுக்கு வருது அது. நுரையீரல்ல முண்டு முண்டா இருக்கா, ஈரல்ல நீர்க்கட்டி இருக்கா, கொழுப்பு மஞ்சளா கிடக்கா, இரைப்பையில பிளாஸ்டிக் பை சுருண்டு கிடக்கா, எல்லாம் அப்பத்தான் கண்ணுல படும். வெறும் தொடையைப் பாத்து இதுல ஒண்ணையும் சொல்ல முடியாது. ஐரோப்பிய யூனியனோட 2004-ஆம் வருசத்து விதியில கூட, விற்பனைக்குப் போற பெரிய வேட்டை விலங்குக்கு இரைப்பையையும் குடலையும் சீக்கிரமா எடுத்துரணும், பயிற்சி உள்ள ஆளு உடம்பையும் எடுத்த உள்ளுறுப்பையும் பாக்கணும்னு இருக்கு.

ரெண்டாவது, கூறு. பத்து வீடு காசு போட்டு ஒரு கிடா வாங்குதோம். பனையோலையை விரிச்சு பத்துக் கூறு வைக்கோம். ஒவ்வொரு கூறுலயும் தொடையில கொஞ்சம், நெஞ்செலும்புல கொஞ்சம், ஈரல் ஒரு துண்டு, குடல் ஒரு கை இருக்கணும். அதுதான் கணக்கு. 30 கிலோ ஆட்டுல எலும்போட கறி ஏறக்குறைய பாதிதான் தேறும். மிச்சத்துல இருக்குற ஈரல், சுவரொட்டி, குடல், இதயம் எல்லாத்தையும் வீசிட்டா யாருக்கு நட்டம்? கறி வாங்க வசதி இல்லாதவன் வீட்டுல குடல் குழம்புதான் அன்னைக்கு விருந்து. குடலை வீசுறது அவன் தட்டுல கை வைக்குறதுக்குச் சமம்.

மூணாவதுதான் எனக்குப் பெரிய கவலை. அமெரிக்காக்காரன் விட்டுட்டுப் போற கூட்டைக் கரடியும் கழுகும் தின்னும். நம்ம ஊர்ல யாரு தின்னுவா? தெருநாய். ஆட்டு ஈரல்ல இருக்குற நீர்க்கட்டியைப் பச்சையா நாய் தின்னுச்சுன்னா அது குடல்ல சின்ன நாடாப்புழுவா வளரும். அதோட முட்டை நாய்ப்பீ வழியா புல்லுக்கும் தண்ணிக்கும் போகும். அந்தப் புல்லை ஆடு மேயும், நாயைத் தடவுன கையைப் பிள்ளைய வாயில வைக்கும். அப்புறம் மனுசனுக்கும் ஈரல்லயோ நுரையீரல்லயோ கட்டி. ஆபரேசன் வரைக்கும் இழுத்துரும். அதனால கட்டி உள்ள ஈரலை நாய்க்குப் போடாதீங்க, குளத்துலயும் போடாதீங்க. நாய் தோண்ட முடியாத ஆழத்துல புதைங்க.

இதுல ஒரு விலக்கு உண்டு. தானா செத்த ஆட்டையோ மாட்டையோ எந்த முறையிலயும் அறுக்கக் கூடாது. வயிறு உப்பி, மூக்குலயும் ஆசனவாய்லயும் உறையாத ரத்தம் வந்து திடீர்னு செத்திருந்தா அது அடைப்பானா இருக்கலாம். அறுத்தா அந்தக் கிருமி காத்துப் பட்டு விதை மாதிரி இறுகிக்கிடும், மண்ணுல பல வருசம் உயிரோட கிடக்கும். அறுத்தவன் கையில புண்ணு வரும், அந்த இடத்துல மேயுற அடுத்த ஆடும் சாகும். கால்நடை டாக்டருக்குச் சொல்லிட்டு, சுண்ணாம்பு போட்டு ஆழமா புதைக்குறதுதான் வழி. வயித்தைக் கிழிக்கலியே, தோலைத்தானே உரிச்சோம்னு தப்பிக்க முடியாது. ரத்தம் சிந்துனாலே போதும்.

இன்னொண்ணு, வீடியோவுல இருக்குறது மான். இங்க மானைத் தொடவே கூடாது. 1972-ஆம் வருசத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. நம்ம மாவட்டத்துலயே வல்லநாட்டுல வெளிமானுக்குச் சரணாலயம் இருக்கு. அந்த மானை வேட்டையாடுனா 3 வருசத்துல இருந்து 7 வருசம் வரை ஜெயில். ரோட்டுல வண்டி அடிச்சுச் செத்துக் கிடந்தாலும் அது அரசாங்கச் சொத்து. வனத்துறைக்குச் சொல்லணும், கத்தியை எடுக்கக் கூடாது. வெளிநாட்டுல அனுமதிச் சீட்டு வாங்கிட்டு வேட்டைக்குப் போறான். அந்தக் கதை இங்க செல்லாது.

தசரா விரதம் முடிஞ்சு, தீவாளியும் வரப் போகுது. ஊருக்கு ஊரு கூறுகறி போடுவோம். நான் கேக்குறது ஒண்ணுதான். பணம் போட்ட பத்து பேரும் மரத்தடிக்கு வாங்க. அறுக்குறவர் பித்தப்பை உடையாம ஈரலை எடுத்து எல்லார் முன்னாலயும் காட்டட்டும். சந்தேகம் இருந்தா கால்நடை டாக்டர்ட்ட கேட்டுட்டு அப்புறம் கூறு வைங்க. அரை மணி நேரம் கூட ஆகும், கொஞ்சம் நாறும். ஆனா என்னத்தைத் திங்குதோம்னு தெரிஞ்சு திம்போம்.