கடைசி வரிசையில் நிற்கும் பெண்

2025 ஜனவரியில் லண்டனின் செல்சி கிளப், அமெரிக்காவின் சான் டியேகோ வேவ் அணியிடமிருந்து ஒரு வீராங்கனையை வாங்கியது. விலை 11 லட்சம் டாலர். நம் பணத்தில் ஒன்பது கோடி ரூபாய்க்கும் மேல். பெண்கள் கால்பந்தில் அதுவரை யாருக்கும் அவ்வளவு பணம் கொடுக்கப்பட்டதில்லை. அவர் கோல் அடித்துக் கொண்டாடுகிறவர் அல்ல, கோல் விழாமல் பார்த்துக்கொள்கிறவர். பெயர் நயோமி கிர்மா. நம் மைதானத்துப் பேச்சில் சொன்னால், ஸ்டாப்பர் பேக்.

எத்தியோப்பியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள் அவர். சான் ஹோசே நகரில் அவருடைய அப்பாவும் ஊர்க்காரர்களும் சேர்ந்து பிள்ளைகளுக்காக நடத்திய கால்பந்துக் குழுவில்தான் முதலில் பந்தைத் தொட்டார். பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். 2019ல் அதன் அணி அமெரிக்கக் கல்லூரிகளின் சாம்பியன் ஆனது. 2022ல் தொழில்முறை கிளப்கள் கல்லூரி வீராங்கனைகளைத் தேர்ந்தெடுத்தபோது முதலில் அழைக்கப்பட்ட பெயர் அவருடையது. 2024ல் பாரிஸ் ஒலிம்பிக் தங்கம். 1972ல் அமெரிக்கா போட்ட சட்டம் ஒன்று இதற்கெல்லாம் வழிவிட்டது. அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்கள் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்றது அது. விளையாட்டும் அதற்குள் அடக்கம்.

கல்லூரி என்றால் கோவைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவினாசி சாலையில் காலை எட்டு மணிக்கு வரிசை கட்டும் கல்லூரிப் பேருந்துகளே சாட்சி. விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு, விடுதி, சாப்பாடு என்று கொடுத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பழக்கமும் இங்கே நெடுநாளாக உண்டு. கிராமத்துப் பள்ளியில் பி.டி. மாஸ்டர் பழக்கிவிட்ட பெண், பிளஸ் டூ முடித்ததும் இந்த வழியாகத்தான் நகரத்துக்கு வருகிறாள். "வெயில்ல நின்னு கருத்துப் போறியே கண்ணு" என்ற அமத்தாவின் புலம்பலையும் தாண்டித்தான் வருகிறாள்.

வந்த பிறகு அவளுக்கு ஆட எத்தனை ஆட்டம் கிடைக்கிறது? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

முன்வரிசை வீராங்கனையின் திறமை ஒரே ஆட்டத்தில் தெரிந்துவிடும். இரண்டு கோல் அடித்தால் தேர்வாளர் பெயரைக் குறித்துக்கொள்வார். பேக் ஆடுகிறவளின் திறமை அப்படித் தெரியாது. எதிரி ஓடத் தொடங்கும் முன்பே அந்த ஓட்டத்தை ஊகிக்க வேண்டும். எப்போது முன்னேறி ஆஃப்சைடில் மாட்டவைப்பது, எப்போது பின்வாங்குவது என்று நொடியில் முடிவெடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் மூன்று பேரையும் குரலாலேயே நகர்த்த வேண்டும். எண்பது நிமிடம் சரியாக ஆடிவிட்டு ஒருமுறை தடுமாறினால் அதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். காலைப் பயிற்சியில் மட்டும் இது கைவராது. தனக்குச் சமமான, தன்னைவிட வேகமான எதிரியோடு வாராவாரம் மோதினால்தான் வரும்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியோ பெரும்பாலும் நாக்-அவுட். தோற்றால் அன்றே வண்டியேற வேண்டியதுதான். பலமான அணி என்றால் எட்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்கும். அந்த ஆட்டத்தில் பேக் நிற்கும் பெண்ணுக்குப் பந்தே வராது. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால் தென்மண்டலப் போட்டி, அதில் தேறினால் அகில இந்தியப் போட்டி. அத்தோடு அந்த வருடம் முடிந்தது. மூன்று வருடப் படிப்பில் ஒரு தடுப்பாட்டக்காரி உருவாக இது போதவே போதாது.

டெல்லியைச் சேர்ந்த டாலிமா சிப்பரின் பாதையைப் பாருங்கள். இவரும் தடுப்பாட்டக்காரர். 2019 மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில் நடந்த தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், வெகுதூரத்திலிருந்து ஃப்ரீ கிக்கில் கோல் போட்டவர். அந்த வருடமே கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்துக்கொண்டே அதன் அணிக்கு ஆடினார். இந்திய அணியில் இடம் பிடித்த பெண்ணுக்கே, படிப்பையும் நல்ல ஆட்டத்தையும் ஒன்றாகத் தரும் இடம் கடல் கடந்துதான் கிடைத்தது. நெஞ்சை உறுத்தும் விஷயம் இது.

தமிழ்நாட்டுக்கு வழி தெரியாமல் இல்லை. 2017ல் முதல் இந்திய மகளிர் லீக்கில் ஆடிய ஆறு அணிகளில் ஒன்று சென்னையை அடுத்த ஜேப்பியார் தொழில்நுட்பக் கல்லூரி அணி. காரியாபட்டி சேது பொறியியல் கல்லூரியின் ஆதரவில் 2016ல் உருவானது சேது எஃப்.சி. 2019 மே 22 அன்று லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று அந்த லீக்கின் கோப்பையை அது தூக்கியது. அதே வருடம் மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. ஆண்கள் ஐ லீக் சாம்பியன் ஆனதை இந்த ஊர் கண்ணாரப் பார்த்தது. ஒரே பருவத்தில் இரண்டு கோப்பையும் தமிழ்நாட்டுக்கு! தேசிய சீனியர் மகளிர் பட்டத்தையும் 2018ல் கட்டாக்கிலும் 2023ல் அமிர்தசரஸிலும் தமிழ்நாடு வென்றிருக்கிறது.

ஆனால் இந்திய மகளிர் லீக்கில் கொங்கு நாட்டின் பெயரைத் தாங்கிய அணி இதுவரை இல்லை.

"பந்து விளையாண்டு என்ன சம்பாதிக்கப் போறே?" என்று வீட்டில் கேட்டால், இதுவரை போலீஸ் வேலை, ரயில்வே வேலை என்பதுதான் பதில். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடிக்கொண்டே தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருந்தவர். இப்போது இன்னொரு பதிலும் உண்டு. மகளிர் லீக் கிளப்கள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளை வருடத்துக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2023ல் அறிவித்தது. 2023-24லும் 2024-25லும் லீக் ஒரே ஊரில் சில வாரங்களில் முடிந்துவிடவில்லை. சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் மாறி மாறி நடந்தது. எட்டு அணிகள் ஆடிய 2024-25ல் ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டம். 3.2 லட்சம் பெரிய தொகை இல்லைதான், ஆனாலும் அது சம்பளம். மணிப்பூரின் ஆஷாலதா தேவி இதே பேக் இடத்தில் நின்றுதான் 2024 அக்டோபரில் இந்தியாவுக்காக 100 ஆட்டம் ஆடிய முதல் பெண் ஆனார். சேதுவுக்கும் ஆடியவர் அவர்.

பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி என்று நான்கு மாவட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் எட்டுக் கல்லூரிகள் முன்வந்தால் போதும். சனிக்கிழமைதோறும் ஓர் ஆட்டம், ஒருமுறை உங்கள் மைதானம், மறுமுறை அவர்கள் மைதானம் என்று ஆடினால் ஒவ்வொரு பெண்ணுக்கும் வருடத்துக்கு 14 ஆட்டம் கிடைக்கும். பேருந்து உங்களிடம் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, பயிற்சியாளரும் இருக்கிறார். கல்லூரித் தாளாளர்களே, அடுத்த ஜூனில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பம் வாங்கும்போது, அந்தப் பெண்களின் கையில் ஆட்ட அட்டவணை ஒன்றையும் கொடுங்கள்.