வெயில் தின்ற டேஷ்போர்டு

மாருதி 800-க்கு இன்றைக்கும் கிளட்ச் பிளேட் கிடைக்கும். பிரேக் ஷூ, ஃபேன் பெல்ட், ஏர் ஃபில்டர் எல்லாம் சின்ன ஊர்க் கடைகளில்கூட இருக்கும். 1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. ஆனாலும் தேய்கிற பாகங்களை யாரோ எங்கோ செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். டேஷ்போர்டு விரிசல் விட்டால்தான் தெரியும் சேதி. அது உடைந்து எந்தக் காரும் நடுரோட்டில் நின்றதில்லை. அதனால் அது மட்டும் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

என் வண்டிக்கு இருபத்தைந்து வயது தாண்டிவிட்டது. ஒரு ஸ்க்ரூ ஓட்டையில் மயிரிழையாகத் தொடங்கிய கீறல், முன்கண்ணாடி ஓரம்வரை ஓடிப் பிளந்துவிட்டது. இதில் கம்பெனியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அத்தனை வருஷமும் வெயிலில் நின்ற வண்டி. 2018-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் அரிசோனாவில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோடை வெயிலில் கார்களை நிறுத்தி அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் டேஷ்போர்டின் சூடு சராசரி 69 டிகிரி செல்சியஸ். ஸ்டியரிங் 53 டிகிரிதான். நிழலில் நின்ற கார்களில் டேஷ்போர்டு 48 டிகிரி. வேலூர்க்காரர்களுக்கு இதையெல்லாம் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் சூட்டில் விரிவதும் ராத்திரியில் சுருங்குவதும் அதைத் தாங்கும் இரும்பைவிடப் பல மடங்கு அதிகம். ஸ்க்ரூ பிடித்திருக்கும் இடத்தில் அதற்கு நகர வழியில்லை. விரிசல் அங்கேதான் பிறக்கும். கூடவே புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகிவிடுகிறது. மெத்தென்ற டேஷ்போர்டு உள்ள கார்களில் கதை கொஞ்சம் வேறு. பிவிசி தோலை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை சூட்டில் ஆவியாகி, முன்கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாகப் படியும். தோல் வறண்டு வெடிக்கும். புதுக் கார் வாசனை என்று நாம் ஆசையாக முகர்கிறோமே, அதிலும் இந்த ஆவிக்குப் பங்குண்டு.

சென்னையில் இருப்பவர்கள் பழைய கார் பாகங்களுக்குப் போகும் இடம் புதுப்பேட்டை. அங்கே ஒரு கடைக்காரர் என் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இன்ஜின் கேளுங்க சார், இப்பவே இறக்கித் தர்றேன். டேஷ்போர்டுதான் கஷ்டம். வர்ற வண்டியெல்லாம் உங்க வண்டி மாதிரிதானே வருது?” என்றார். நியாயம்தான். உடைக்க வரும் காரும் அதே வெயிலில் அதே காலம் நின்றதுதானே. விபத்தில் சீக்கிரமே போன வண்டியோ, வீட்டு ஷெட்டுக்குள்ளேயே கிடந்த வண்டியோ உடைப்புக்கு வந்தால்தான் நமக்கு யோகம். அதிலும் மாடல் பார்க்க வேண்டும். 1986-ல் இந்தக் காரின் பாடியே மாறியது. பின்னாளில் உள்பக்கமும் மாறியது. வருஷத்தைச் சொல்லாமல் வாங்கினால் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று சேராது.

அதுவரை ரெக்ஸின் ஒட்டலாம் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. விரிசலின் இரண்டு உதடும் அடியில் அசைந்துகொண்டே இருக்கும். அடுத்த சித்திரையில் ரெக்ஸின் மேலேயே கோடு விழும். பளபளவென்று மின்னும் பாலிஷ் இன்னும் மோசம். மத்தியான வெயிலில் கண்ணாடியில் டேஷ்போர்டே தெரியும், எதிரே வரும் லாரி தெரியாது.

ஒருவழியாகப் பேனல் கிடைத்தது. மாட்டுவதைவிடக் கழற்றுவதுதான் வேலை. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயர். பிறகு ஸ்டியரிங், மீட்டர், மீட்டர் கேபிள், டேஷ் பாக்ஸ். கண்ணாடிச் சரிவுக்குள் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவுக்குக் குட்டை ஸ்க்ரூ டிரைவரும் மெலிந்த கையும் வேண்டும். மெக்கானிக் ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி எண் எழுதினார். அவருடைய உதவிக்கு வந்த பையன் எங்கள் வீட்டு இட்லித் தட்டை வாங்கிப்போய்க் குழிக்குக் குழி ஸ்க்ரூக்களை வரிசையாகப் போட்டான். காலையிலேயே பேனலைக் கழற்றலாமா என்று கேட்டதற்கு, “கொஞ்சம் வெயில் ஏறட்டும் சார், குளிர்ல பிளாஸ்டிக் லாக் எல்லாம் பட்டுனு உடைஞ்சு போயிடும்” என்றார் மெக்கானிக். பேனலைக் கெடுத்த வெயில் இதற்காவது உதவட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தைரியமெல்லாம் ஏர்பேக் இல்லாத பழைய வண்டிகளுக்கு மட்டும். பக்கத்து சீட்டுக்கு முன்னால் டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் இருக்கும் கார்களில் ரோட்டோரமாகக் கழற்றுவதும், அந்த மூடியின்மேல் ரெக்ஸின் இழுத்து ஒட்டுவதும் விபரீதம். அதற்கான பயிற்சி பெற்றவர்களிடம்தான் விட வேண்டும்.

பேனல் சரியாக உட்கார்ந்தது. நிறம்தான் கதவுப் பக்கத்தைவிட ஒரு சாயல் வெளுப்பு. பெயின்ட் அடிக்கலாம் என்றார் மெக்கானிக். வேண்டாம் என்றேன், உரியும்போது அசிங்கமாக இருக்கும். பழைய பேனலைக் குப்பைக்காரருக்குப் போட எடுத்தேன். மெக்கானிக் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்த காற்றுத் துவாரங்களும் இரண்டு லாக்கும் இன்னும் நன்றாக இருந்தனவாம். அதைக் கேட்டு ஏற்கெனவே ஒரு ஆள் போனில் சொல்லி வைத்திருக்கிறாராம்.