தமிழில் எழுதுவோருக்கு அரை நினைவகம் போதாது: மொழி மாதிரி மென்பொருள் பற்றிய எமது நிலைப்பாடு

இலங்கையின் ஹட்டன், கொட்டகலை, நுவரெலியா பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கணினி வகுப்பு நடத்துகிறோம். அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதவும் உதவுகிறோம். இணையம் இல்லாமலே இயங்கும் மொழி மாதிரிகளை இந்த வேலைக்குக் கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். கொண்டுவரலாம். ஆனால் நினைவகத்தைத் தமிழின் அளவுக்கு ஒதுக்க வேண்டும். எதையாவது மறந்தால் எழுதுகிறவருக்குச் சொல்ல வேண்டும். அவர் எழுந்து போனதும் அவர் சொன்னவை அழிய வேண்டும்.

மாதிரி நாம் எழுதுவதை டோக்கன்கள் எனும் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒவ்வொரு அடுக்கிலும் கணித்த மதிப்புகளை, மறுபடி கணிக்காமலிருப்பதற்காக நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இதுதான் கே.வி. கேஷ். லாமா 3 வரிசையின் 8 பில்லியன் அளவுருக்கள் கொண்ட மாதிரியில் 16 பிட்டில் வைத்தால் ஒரு டோக்கனுக்கு 128 கிலோபைட் வேண்டும். 8192 டோக்கனுக்கு 1 கிகாபைட். 4 பிட்டுக்குச் சுருக்கிய பிறகும் மாதிரி மட்டும் ஏறக்குறைய 5 கிகாபைட் பிடிக்கும். 8 கிகாபைட் ராம் உள்ள கணினியில், மற்ற வேலைகளுக்கும் விட்டபின் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்திலும் தமிழுக்கு விழும் பங்கு குறைவு. ஒருங்குறியின் வழக்கமான சேமிப்பு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘ஊழியர் சேமலாப நிதி’ என்று எழுத 50 பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுத 25. மாதிரியின் சொற்பட்டியலில் தமிழ்த் துண்டுகள் அரிதாக இருந்தால் டோக்கன் கணக்கில் இடைவெளி இன்னும் விரியும். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ காட்டிய உதாரணத்தில், ஒரே செய்திக்குப் பழைய வெட்டும் முறையில் ஆங்கிலத்துக்கு 27 டோக்கன், தமிழுக்கு 116. புதிய முறையில் 24, 35. ஆகவே குறை தமிழில் இல்லை. செய்தவர்கள் மனம் வைத்தால் மாறும். நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவருக்குக் கிலோ குறைந்ததென்று அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவதைப் போன்றது இந்தக் கணக்கு. இலங்கையில் தமிழ் 1987 இன் 13 ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தோடு அரச கரும மொழியானது. அரச அலுவலகம் இத்தகைய மென்பொருளை வாங்கும்போது கொள்ளளவை ஆங்கிலச் சொற்கணக்கில் குறிக்கக் கூடாது. உண்மையான தமிழ்க் கடிதங்களை உள்ளிட்டு அளந்து குறிக்க வேண்டும்.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது இடம் நிரம்பிய பின் நடப்பது. சில மென்பொருள்கள் தொடக்கக் கட்டளையை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கடுத்த பழைய டோக்கன்களை வரிசையிலிருந்து நீக்கி, மிச்சத்தை முன்னே நகர்த்திவிட்டுத் தொடர்கின்றன. பதில் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் சேமலாப நிதிக்கு எழுத வருகிறார் என்று வையுங்கள். முதலில் பெயரையும் அங்கத்துவ இலக்கத்தையும் சொல்வார். எந்த வருஷம் பேர் பதிந்தார், 1992 இல் தோட்ட முகாமை பிராந்தியக் கம்பனிகளுக்குப் போகுமுன் எத்தனை வருஷம் உழைத்தார் என்பதைச் சொல்வார். குறை என்ன என்பது அதற்குப் பிறகுதான் வரும். நீக்கப்படுவது அந்த முதற்பகுதி. முன்னைய சேவைக்காலம் இல்லாமலே மாதிரி சரளமான கடிதம் ஒன்றை எழுதிக் கொடுக்கும். அவர் நம்பிக் கையொப்பம் வைப்பார். இடம் போதவில்லை என்று தமிழில் சொல்லி நிற்கும் மென்பொருளே எங்களுக்கு வேண்டும். அது மெதுவாக வேலை செய்தாலும் பரவாயில்லை.

கேஷையே 8 பிட்டுக்குச் சுருக்கினால் இடம் ஏறக்குறைய பாதியாகும். அதை ஏற்கிறோம். 4 பிட்டை இப்போதைக்கு ஏற்கவில்லை. தமிழ்ப் பெயர்களும் நீண்ட இலக்கங்களும் சிதையாமல் திரும்பி வருகின்றனவா என்று முதலில் சோதித்துக் காட்டட்டும்.

பலர் ஒரே கணினியைப் பகிர்வதில் நல்ல வழிகளும் உண்டு. 2023 இல் பெர்க்லி ஆய்வாளர்கள், அன்றைய முறைகளில் கேஷ் நினைவகத்தின் 60 முதல் 80 சதவீதம் வீணாவதைக் காட்டினார்கள். தங்கள் வி.எல்.எல்.எம். மென்பொருளில் அந்த நினைவகத்தைச் சிறு பக்கங்களாகப் பிரித்து, தேவைப்படும்போது மட்டும் ஒதுக்கி, வீணை 4 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் பொதுவான தொடக்கக் கட்டளையை ஒருமுறை கணித்துப் பகிர்வதை வரவேற்கிறோம். ஒருவருடைய அடையாள அட்டை இலக்கமோ சம்பள விவரமோ இருக்கும் பகுதி அந்தப் பொதுப்பகுதிக்குள் வரக் கூடாது. அடுத்த முறை வேகமாகத் தொடங்குவதற்காக அதை வன்தட்டில் கோப்பாகச் சேமிப்பதும் கூடாது. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும், தரவைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதே.

மென்பொருள் தருவோர் இவற்றை எங்கள் நிலையத்திலேயே, எங்கள் கணினியில், தமிழ்க் கடிதம் ஒன்றை வைத்துச் செய்துகாட்ட வேண்டும். அதுவரை சேமலாப நிதி, காணி, பிறப்பத்தாட்சி தொடர்பான கடிதங்களை எங்கள் தொண்டர்கள் ஆளுக்கு எதிரே உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு, கையாலேயே எழுதுவார்கள்.