கால்சியம் டப்பாவும் கரமனைக் காப்பியும்

லீவு சீசன் வந்தாலே நம்ம எல்லார் வீட்டிலும் இதே காட்சிதான். ஹாலில் ரெண்டு பெட்டி வாயைப் பிளந்துகிட்டுக் கிடக்கும், பக்கத்தில் எடை பார்க்கிற மெஷின். சாக்லேட், பாதாம், அப்பாவுக்கு ஷேவிங் சாமான். அப்புறம் அம்மாவுக்குன்னு ஒரு ராட்சச சைஸ் கால்சியம் டப்பா, இரும்புச்சத்து கலந்த மல்ட்டிவைட்டமின் டப்பா ஒண்ணு. "முடியெல்லாம் கொட்டறதுடா"ன்னு அம்மா எப்பவோ போனில் சொல்லியிருப்பாங்க, அதுக்காக பயோட்டின் மிட்டாய் ஒரு பாட்டில். பாசம்! கிலோக்கணக்கில் பாசம்.

இந்த மூணு டப்பாவைப் பற்றித்தான் இன்னைக்குச் சண்டை.

2013இல் வெளியான, சென்னையும் சேர்ந்த எட்டு நகர ஆய்வில், பெரியவர்களில் கிட்டத்தட்ட நூற்றுக்குப் பதினோரு பேருக்குத் தைராய்டு மந்தம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், வயசானால் இன்னும் அதிகம். ஆக நீங்க டப்பா தூக்கிட்டுப் போற அம்மாக்கள், மாமியார்கள், பெரியம்மாக்களில் நிறைய பேர் தினமும் காலையில் தைரோனார்மோ எல்ட்ராக்சினோ முழுங்கறவங்க. பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது லிவோதைராக்சின்தான். நீங்க கொண்டுபோற மூணு டப்பாவில் ரெண்டு அந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாது. மூணாவது, அது சேர்ந்ததா இல்லையான்னு பார்க்கிற ரத்தப் பரிசோதனையையே பொய் சொல்ல வைக்கும்.

நான் டாக்டர் இல்லை. பர்மிங்காமில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். ஒரு நாளைக்கு எத்தனை தடவை லிவோதைராக்சின் எடுத்துக் கொடுக்கிறேன்னு எண்ணினதில்லை. ஒவ்வொரு தடவையும் சொல்றது ஒரே பாட்டு: வெறும் வயிறு, வெறும் தண்ணி, அதுக்கப்புறம் குறைஞ்சது அரைமணி நேரம் சாப்பாடு கிடையாது, காப்பி கிடையாது. வெள்ளைக்காரங்க தலையாட்டிட்டுப் போவாங்க. நம்ம ஆட்கள் "டீ குடிக்கலாம்ல?"னு கேட்பாங்க :-)

காரணம் இதுதான். இந்த மாத்திரையின் அளவு மைக்ரோகிராம் கணக்கு. 50 மைக்ரோகிராம்னா ஒரு கிராமில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. நல்ல வெறும் வயிற்றில் போட்டாலே அறுபதிலிருந்து எண்பது சதவீதம்தான் ரத்தத்துக்குப் போகும். கால்சியமும் இரும்பும் குடலில் இதைக் கட்டிப்பிடிச்சு வெளியே இழுத்துட்டுப் போயிடும். 2000இல் லாஸ் ஏஞ்சலிஸில் இருபது பேருக்கு மாத்திரையோடு தினம் 1200 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் மூணு மாசம் கொடுத்துப் பார்த்தாங்க. டி.எஸ்.எச். சராசரி 1.6இலிருந்து 2.7க்கு ஏறினது, அஞ்சில் ஒருத்தருக்கு நார்மலைத் தாண்டிடுச்சு. இரும்பு இன்னும் மோசம். 1992இல் பதினாலு பேரை வெச்சு நடந்த ஆய்வில் பன்னிரண்டு வாரத்தில் 1.6 என்பது 5.4 ஆச்சு. 2008இல் இத்தாலிக்காரங்க காப்பியையும் குற்றவாளிக் கூண்டில் ஏத்தினாங்க. காப்பி பைத்தியம் பிடிச்ச தேசமே அப்படிச் சொல்லுதுன்னா நாம கொஞ்சம் காது கொடுக்கலாம்.

இப்போ கரமனை. திருவனந்தபுரத்தில் ஆற்றங்கரை, அக்ரஹாரத் தெருக்கள், நீலகண்ட சிவன் வாழ்ந்த ஊர். அங்கே என் பெரியம்மா நாலரைக்கு எழுந்துப்பா. அஞ்சு மணிக்கு டிகாக்‌ஷன் இறங்கியாகணும். பத்து வருஷமா அவள் தைராய்டு மாத்திரை முழுங்கினது ஒரு கையில் டம்ளரோடுதான். மாத்திரையை வாயில் போட்டு ரெண்டு மடக்குத் தண்ணி, உடனே காப்பி. "வெறும் வயத்துல சாப்பிடணும்னு டாக்டர் சொன்னார், நான் வெறும் வயத்துலதானே சாப்பிடறேன்? காப்பி என்ன ஆகாரமாடா?" இது அவள் வாதம். இதுக்கு பதில் சொல்ல சுப்ரீம் கோர்ட்டால்கூட முடியாது.

எட்டு மணி இட்லிக்குப் பிறகு ஹூஸ்டனிலிருந்து மகன் அனுப்பின கால்சியம், மல்ட்டிவைட்டமின். கால்சியத்துக்கும் இரும்புக்கும் நாலு மணி நேர இடைவெளி வேணும். அங்கே மூணு மணி நேரம்கூட இல்லை.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டி.எஸ்.எச். கூடிப்போய் ரிப்போர்ட் வரும். அதை மகன் வாட்ஸப்பில் வாங்கி, தெரிஞ்ச டாக்டர் ஒருத்தருக்கு அனுப்புவான். அவர் ரெண்டு நிமிஷத்தில் "டோஸை ஏத்திக்கோங்க"ன்னு பதில் போடுவார். 50 ஆனது 75. 75 ஆனது 100. 100 ஆனது 125. சுரப்பி சுத்தமா வேலை செய்யாத பெரியவங்களுக்கே உடல் எடை கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம்தான் கணக்கு. பெரியம்மா 55 கிலோ. பெருக்கிப் பாருங்க, 88 வரும். வயசானவங்களுக்கு இன்னும் குறைவா ஆரம்பிக்கறதுதான் வழக்கம். அவளுக்கு 125 எப்படித் தேவைப்பட்டதுன்னு அந்தச் சங்கிலியில் யாருக்குமே கேட்கத் தோணலை. "எப்படிம்மா சாப்பிடறேள்?"ங்கற அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கலை.

அப்புறம் பெரியம்மா ஆறு மாசத்துக்கு ஹூஸ்டன் போனாள். மருமகள் எல்லாத்திலும் ஒழுங்கு. மாத்திரைப் பாட்டிலோடு வந்த தாளைப் படிச்சா. காப்பியை ஒரு மணி நேரம் தள்ளி வெச்சா. கால்சியத்தை ராத்திரிக்கு மாத்தினா. அவள் செஞ்சது எல்லாமே சரி. ஆனா அதே 125 இப்போ முழுசா உடம்பில் ஏற ஆரம்பிச்சது. ரெண்டு மாசத்தில் பெரியம்மாவுக்குக் கை நடுக்கம், தூக்கமில்லை, எடை குறைஞ்சது. "ஊர் தண்ணி ஒத்துக்கலை"ன்னு இவங்களே முடிவு பண்ணிட்டாங்க. ஒரு நாள் ராத்திரி நெஞ்சு படபடப்பு தாங்காம ஆம்புலன்ஸ். டி.எஸ்.எச். 0.02. இதயத் துடிப்பு தாறுமாறு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அன்னைலேர்ந்து ரத்தம் உறையாம இருக்கவும் ஒரு மாத்திரை சேர்ந்துகிட்டது.

இது அபூர்வ கேஸ் இல்லை. அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் ஊரில் அறுபது வயசு தாண்டிய ரெண்டாயிரம் பேரைத் தொடர்ந்து கவனிச்சு 1994இல் சொன்னது: டி.எஸ்.எச். ரொம்பக் கீழே இருந்தவங்களுக்கு அடுத்த பத்து வருஷத்தில் இந்தத் துடிப்புக் கோளாறு வர வாய்ப்பு மூணு மடங்கு. கூடவே எலும்பும் தேயும். எலும்பு தேயக்கூடாதுன்னு கால்சியம் அனுப்பி, அதனால் டோஸ் ஏறி, கடைசியில் அந்த டோஸே எலும்பை அரிக்கிறது. இதைவிட வேடிக்கை உண்டா?

"அப்ப கால்சியமே கூடாதா?"ன்னு குதிக்காதீங்க. டாக்டர் பார்த்துச் சொல்லியிருந்தா தாராளமா. நாலு மணி நேரம் தள்ளி. அசிடிட்டி மாத்திரையும் இதே கூட்டாளிதான். அதையும் சேர்த்து டாக்டர்கிட்ட சொல்லணும். என் சண்டை, என்ன சாப்பிடறாங்கன்னே தெரியாம டப்பா இறக்கற புள்ளைங்களோடு. அதைவிடப் பெரிய சண்டை, ரிப்போர்ட்டை வாங்கி வாட்ஸப்பில் வைத்தியம் நடத்தற புள்ளைங்களோடு. இங்கே நம்ம ஜி.பி. ஒரு ஆண்டிபயாட்டிக் தர யோசிக்கிறார்னு திட்டிட்டு, அம்மாவுக்கு மட்டும் முகம் பார்க்காத வைத்தியம் போதும்னு நினைக்கறோமே, அது என்ன நியாயம்?

ஒரு எச்சரிக்கை. இதைப் படிச்சிட்டு இன்னைக்கே போன் போட்டு "அம்மா, நாளைலேர்ந்து காப்பியைத் தள்ளி வை"ன்னு மட்டும் சொல்லி வெச்சிடாதீங்க. பெரியம்மாவுக்கு நடந்தது அதுதான். டாக்டர்கிட்ட முதல்ல சொல்லணும்: இத்தனை நாள் இப்படிச் சாப்பிட்டாங்க, இனிமே இப்படி. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். திரும்பப் பார்க்கணும். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். அதனால் ஒரு மாத்தத்தோட விளைவு முழுசாத் தெரிய வாரக்கணக்காகும். பத்து நாளில் டெஸ்ட் எடுத்து பயப்படறது பணத்துக்குத்தான் கேடு.

பயோட்டின் கதை வேற. முடிக்கான மிட்டாய்களில் 5000, 10000 மைக்ரோகிராம் இருக்கும். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 போல. பல லேப் மெஷின்களில் அது டி.எஸ்.எச்.சைக் குறைச்சும் டி4ஐக் கூட்டியும் காட்டும். நல்லா இருக்கிற அம்மா, தைராய்டு அதிகமான நோயாளி மாதிரி ரிப்போர்ட்டில் தெரிவாங்க. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017லேயே எச்சரிச்சாச்சு. டெஸ்டுக்குக் குறைஞ்சது ரெண்டு நாள் முன்னாடி அதை நிறுத்தணும், சாப்பிடறதை லேபிலும் சொல்லணும்.

அடுத்தது, நாம ஆன்லைனில் புக் பண்ணித் தர்ற "முழு உடல் பரிசோதனை" பேக்கேஜ். எழுபது வயசு அப்பாவுக்கு டி.எஸ்.எச். 5.8னு சிவப்பு எழுத்தில் வரும். உடனே மாத்திரை! வயசாக ஆக அந்த எண் கொஞ்சம் கூடறது இயல்பு. 2017இல் ஐரோப்பாவில் 65 தாண்டின 737 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், இப்படி லேசா மட்டும் கூடியிருந்தவங்களுக்கு மாத்திரை கொடுத்தும் களைப்பிலோ மத்த அறிகுறியிலோ ஒரு பிரயோஜனமும் இல்லை. சிவப்பு எழுத்துக்கெல்லாம் மாத்திரை வேணும்னு அடம் பிடிக்கறது பெரும்பாலும் நாமதான், டாக்டர் இல்லை.

நிஜமாவே தேவைப்படறவங்க கதை நேர் எதிர். "ரிப்போர்ட் நார்மல் ஆயிடுத்து, இனிமே எதுக்கு?"ன்னு நிறுத்தறது, கொத்தமல்லித் தண்ணியில் குணமாகும்னு வர்ற ஃபார்வர்டை நம்பி நிறுத்தறது. ஐயா சாமி, நார்மல் ஆனதே மாத்திரையால்தான். 1891இல் இங்கே நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்கிற டாக்டர், முகமெல்லாம் வீங்கி முடங்கிக் கிடந்த 46 வயசுப் பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டுச் சாறை ஊசியில் போட்டார். அதுக்கு முன்னாடி இந்த நோய்க்கு வழியே கிடையாது. அந்தம்மா அப்புறம் 28 வருஷம் இருந்தாங்க. இன்னைக்கு ஆட்டைத் தேட வேண்டாம், ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, விலையும் கம்மி. அதை ஃபார்வர்டுக்காகத் தூக்கிப் போடறது கொழுப்பு.

பக்கத்து வீட்டோடு ஒப்பிடறது இன்னொரு வியாதி. "அடுத்தாத்து மாமி 150 சாப்பிடறா, தளதளன்னு இருக்கா, எனக்கு மட்டும் ஏண்டா 75?" கேன்சர் பதிவேடுகளின்படி, பெண்களிடம் தைராய்டு கேன்சர் இந்தியாவிலேயே அதிகமாப் பதிவாகிற இடங்களில் திருவனந்தபுரமும் ஒண்ணு. ஆபரேஷன் பண்ணி சுரப்பியை எடுத்தவங்க அந்தத் தெருக்களில் உண்டு. அவங்களில் சிலருக்கு, கேன்சர் திரும்பாம இருக்க, டி.எஸ்.எச்.சை வேணும்னே கீழே வெச்சிருப்பாங்க. அவங்க அளவு உங்க அம்மாவுக்கு அளவில்லை. அவங்க பாட்டிலிலிருந்து பத்து மாத்திரை கடன் வாங்கறதும் கூடாது (கரமனையில் காப்பிப்பொடியும் தைராய்டு மாத்திரையும் ஒரே ரீதியில் கடன் வாங்கப்படும்!).

இங்கே புதுசா வந்து இறங்கற நம்ம பொண்ணுங்களுக்கும் ஒண்ணு. மாத்திரையோடு வந்திருப்பாங்க, ஜி.பி. பதிவு ஆகறதுக்குள்ளே தீர்ந்துடும், "அம்மா அடுத்த மாசம் அனுப்புவா"ன்னு காத்திருப்பாங்க. நடுவில் கர்ப்பம். முதல் மாசங்களில் குழந்தைக்குத் தைராய்டு ஹார்மோன் முழுக்க அம்மாவிடமிருந்துதான். நிறைய பேருக்கு அளவை கால் பங்கு, மூணில் ஒரு பங்கு ஏத்த வேண்டியிருக்கும். அதனால் டெஸ்டில் கோடு தெரிஞ்ச அன்னைக்கே டாக்டருக்குப் போன் பண்ணணும். இந்தியாவிலிருந்து வர்ற பார்சலுக்காகக் காத்திருக்காதீங்க. பிரிட்டனில் தைராய்டு மந்தத்துக்கு மாத்திரை சாப்பிடறவங்களுக்கு விலக்குச் சான்றிதழ் உண்டு. மருந்துச்சீட்டுக் கட்டணமே கிடையாது. கேட்டு வாங்குங்க. கர்ப்பத்துக்குக் கொடுக்கிற இரும்பு மாத்திரைக்கும் அதே நாலு மணி நேரக் கணக்குதான்.

மத்ததைச் சட்டுனு சொல்லிடறேன். பாட்டிலை ஈரம் படாம, வெயில் படாம வெச்சுக்கணும். அடுப்பு மேடையில் வேண்டாம். ஒரு கம்பெனி மாத்திரை ஒத்துப்போச்சுன்னா அதையே வாங்கணும், மாத்தினா டாக்டருக்குச் சொல்லணும். பிரான்சில் 2017இல் மருந்தோடு சேர்க்கிற துணைப்பொருளை மாத்தினதுக்கே தேசம் முழுக்க ரகளை ஆச்சு.

பெரியம்மா கரமனைக்குத் திரும்பிட்டாள். நேரில் பார்த்துப் பேசற ஒரு டாக்டரைப் பிடிச்சாச்சு. "அஞ்சு மணிக் காப்பியை விடச் சொன்னா மாத்திரையை விட்டுடுவேன்"னு அவரிடமே மிரட்டியிருக்கா. அவர் சிரிச்சுட்டு, மாத்திரையை ராத்திரிக்கு மாத்தினார். 2010லேயே நெதர்லாந்தில் சோதிச்சுப் பார்த்த வழிதான்: ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சு மூணு மணி நேரம் கழிச்சு, தூங்கப் போறப்போ. அவள் ஏழு மணிக்கே சாப்பிட்டு முடிக்கிற ஆள். பத்து மணிக்கு மாத்திரை. கால்சியம் மத்தியானச் சாப்பாட்டோடு. அளவு 75க்கு வந்தாச்சு, எட்டு வாரம் கழிச்சு எடுத்த டி.எஸ்.எச். 2.9.

இந்தத் தடவை ஹூஸ்டன்காரன் ஊருக்குக் கிளம்பறப்போ "என்னம்மா கொண்டு வரட்டும்?"னு கேட்டிருக்கான். "டப்பா ஒண்ணும் வேண்டாம். நல்லதா ஒரு காப்பி ஃபில்டர் கிடைக்குமோ அங்கே?"