நம் வாக்குக்குக் கணக்கு உண்டு, அவர் வாக்குக்கு?

புரட்டாசிச் சனிக்கிழமையில் திருவண்ணாமலை அடிவாரத்துக்குப் போய் (கிரிவலத் திருவண்ணாமலை அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய நம் சீனிவாசப் பெருமாள் மலை) ஐம்பது வயது தாண்டிய யாரிடமாவது தாமரைக்கனியைப் பற்றிக் கேளுங்கள். தேர்தல் தேர்தலாகச் சொல்வார்கள். 1977, 1980, 1984 என அ.தி.மு.க. சார்பில் மூன்று வெற்றி. 1989-இல் தொகுதி தி.மு.க.வின் தங்கத்துக்குப் போனது. 1991-இல் அ.தி.மு.க., காங்கிரஸ் அணி 234 இடங்களில் 225-ஐ அள்ளியபோது, அந்த அலைக்கு எதிரே சுயேச்சையாக நின்று ஜெயித்தார். அந்தப் பேரவைக்குத் தேர்வான ஒரே சுயேச்சை அவர்தான். 1996-இல் காற்று நேர்மாறாக அடித்தது. பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை மொத்தம் நான்கு இடங்கள். அவற்றில் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர். வென்றவர், கட்சிக்குத் திரும்பியிருந்த தாமரைக்கனி. 2001-இல் அதே தொகுதியில் அவர் மகன் இன்பத்தமிழன்.

இன்னொன்றும் சொல்வார்கள். 1999-இல் பேரவைக்குள்ளேயே அமைச்சர் வீரபாண்டி ஆறுமுகத்தை அவர் தாக்கிய கதை. அது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. ஐந்து முறை நம் வாக்கில் வென்றவர் எந்தச் சட்டத்தை ஆதரித்தார், எதை எதிர்த்தார் என்று கேட்டுப் பாருங்கள். சொல்ல ஆளில்லை, தேடிப் பார்க்க ஏடும் இல்லை. கை ஓங்கியது பதிவானது, கை தூக்கியது பதிவாகவில்லை.

இதைத் தாமரைக்கனியின் குறையாக எழுதவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் கதையும் இதுதான். 2006-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ராமசாமி, 2011-இல் அதே கட்சியின் பொன்னுப்பாண்டி, 2016-இல் அ.தி.மு.க.வின் சந்திரபிரபா, 2021-இல் மான்ராஜ். 2008 மறுவரையறையில் ராஜபாளையம் பொதுத் தொகுதியானது, ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதியானது. கட்சி மாறியது, ஆள் மாறினார், தொகுதியின் தன்மையே மாறியது. பேரவையில் இவர்கள் நம் பெயரால் போட்ட வாக்குகளின் பக்கம் மட்டும் வெள்ளைத்தாளாகவே கிடக்கிறது.

காரணம் எளிது. நம் பேரவையில் சட்டங்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ஆம் என்போர் ஒருபுறம் குரல் கொடுக்க, இல்லை என்போர் மறுபுறம் குரல் கொடுக்க, எந்தச் சத்தம் பெரிது என்று பேரவைத் தலைவர் காதால் முடிவு செய்கிறார். யாராவது வற்புறுத்திக் கேட்டால்தான் எண்ணிக் கணக்கிடும் வாக்கெடுப்பு. கேட்பவர் அபூர்வம். ஊர்ச் சங்கத்தின் மினிட் புத்தகத்தில்கூட முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர் ஏறுகிறது.

இதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்கள் 2023 ஏப்ரல் 21-ஆம் தேதியை நினைத்துப் பார்க்கட்டும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ராஜபாளையத்து நூற்பாலைகளில் ஷிப்ட் பார்ப்பவருக்கும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியோடு மல்லுக்கட்டுபவருக்கும் இதைவிட நெருக்கமான சட்டம் வேறு எது? அப்போது ராஜபாளையத்தின் உறுப்பினர் ஆளுங்கட்சியின் தங்கப்பாண்டியன். ஸ்ரீவில்லிபுத்தூரின் உறுப்பினர் எதிர்க்கட்சியின் மான்ராஜ். இருவரும் எப்படி வாக்களித்தார்கள்? பெயர் வாரியான பட்டியல் கிடையாது. போராட்டம் கிளம்பியது, மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். நல்லது. ஆனால் அதை நிறைவேற்றிய கைகள் எவை என்பது இன்றுவரை பொதுவில் இல்லை. அதே நாளில்தான், சிறப்புத் திட்டங்களுக்காக நிலங்களை ஒருங்கிணைக்கும் மசோதாவும் குரல் வாக்கெடுப்பில் ஓடிக் கடந்தது. நீர்நிலைகளைத் தொடும் சட்டம் அது. கண்மாயை நம்பிப் பிழைக்கும் இந்த வட்டாரத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

எதிர்த்தவர்களும் தப்ப முடியாது. அன்று பன்னிரண்டு மணி நேர மசோதாவை இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் கடுமையாகக் கண்டித்தார்கள், வெளிநடப்பும் செய்தார்கள். வெளிநடப்பு கேமராவுக்கு நல்ல காட்சி. ஆனால் வெளியே போனவர் எதிர்த்து வாக்களித்தவர் ஆகமாட்டார். எல்லாக் கட்சிகளும் இதை வசதியாகப் பழகிக்கொண்டுவிட்டன. ஆளுங்கட்சிக்குக் குரல் போதும், எதிர்க்கட்சிக்கு வாசல் போதும். எண்ணிக் கணக்கிடுங்கள் என்று எழுந்து நின்று கேட்கும் உரிமையை ஏன் பயன்படுத்துவதில்லை என்ற கேள்வியை எந்த நிருபரும் கேட்டதாகத் தெரியவில்லை. நம் பத்திரிகைக்கும் அந்தப் பழியில் பங்குண்டு.

பதிவு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு டெல்லி சாட்சி. 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதாவுக்கு ஆதரவாக 125, எதிராக 105. அந்த அவையில் அப்போது அ.தி.மு.க.வுக்கு 11 உறுப்பினர்கள். அந்தப் பதினொன்று மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் மசோதா விழுந்திருக்கும் என்று எந்தக் கிராமத்துத் தேநீர்க்கடையிலும் கூட்டிக் கழித்துச் சொல்ல முடிந்தது. 2021 தேர்தல் மேடைகளில் அந்தக் கட்சி அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடங்கிய தென்காசி மக்களவைத் தொகுதியின் உறுப்பினர் மின்னணு வாக்கெடுப்பில் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதையும் நாம் பார்த்துக்கொள்ளலாம். நமக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் சட்டமன்ற உறுப்பினர் விஷயத்தில்தான் இருட்டு.

கொறடா உத்தரவு இருக்கிறதே, எல்லாரும் கட்சி சொன்னபடிதானே கை தூக்குவார்கள், பதிவு எதற்கு என்பார்கள். 2017-ஐப் பாருங்கள். பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமியின் நம்பிக்கைத் தீர்மானத்தில் பகுதி பகுதியாக எண்ணினார்கள்: ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்தவர்கள் யார் என்று நாடே பார்த்தது. ஆனாலும், சொந்தக் கட்சியின் அரசையே எதிர்த்த அந்தப் பதினொருவரின் பதவி போகவில்லை. ஆதரித்தவர்களில் நம் பக்கத்துச் சாத்தூரின் எதிர்கோட்டை எஸ்.ஜி. சுப்பிரமணியனும் ஒருவர். ஆகஸ்டில், பழனிசாமிக்கான ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களோடு அவரும் நின்றார். செப்டம்பர் 18-ஆம் தேதி தகுதி நீக்கம் செய்யப்பட்ட பதினெட்டுப் பேரில் அவர் பெயரும் இருந்தது. அரசை எதிர்த்து அவையில் வாக்களித்தவர் பிழைத்தார், வெளியே கடிதம் கொடுத்தவர் வீட்டுக்குப் போனார். சாத்தூர் 2019 மே வரை உறுப்பினர் இல்லாமல் கிடந்தது. இந்த முரணை நாம் இன்று சுட்ட முடிவதே, அந்த ஒரு நாள் எண்ணிக்கை நடந்ததால்தான்.

அன்று ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று தி.மு.க.வும் பன்னீர்செல்வம் அணியும் கேட்டன. பேரவைத் தலைவர் தனபால் மறுத்தார். அன்றைய நடவடிக்கைகளில் பலவற்றை நாம் ஏற்கவில்லை என்றாலும், இந்த ஒரு மறுப்பு சரி என்றே கருதுகிறோம். குடிமகனுக்கு ரகசியம் வேண்டும்; அவன் பண்ணையாருக்கும் முதலாளிக்கும் பயப்பட வேண்டியவன். உறுப்பினர் போடுவது அவருடைய சொந்த வாக்கு அல்ல, நம்முடையது. அதை நம்மிடமே மறைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

பணமில்லை, கருவியில்லை என்ற சாக்கும் செல்லாது. 2021 ஆகஸ்டில் காகிதமில்லா பட்ஜெட்டுக்காக ஒவ்வோர் உறுப்பினரின் மேசையிலும் கணினி வைத்தாயிற்று. வேட்பாளரின் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் பிரமாணப் பத்திரத்தில் வருகின்றன. மனைவியின் கழுத்து நகை எத்தனை கிராம் என்பது வரை தெரிகிற நமக்கு, அவர் ஐந்தாண்டில் எத்தனை சட்டங்களுக்கு ஆம் சொன்னார் என்பது தெரியாது.

சென்னை மாநிலத்தின் முதல்வராக இருந்துகொண்டே 1952 தேர்தலில் நின்ற ராஜபாளையத்து பூ.ச. குமாரசாமி ராஜாவைத் தோற்கடித்தவர்கள் இந்தப் பகுதி வாக்காளர்கள். ஆளைத் தள்ளும் துணிவு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. எதை வைத்துத் தள்ளுவது, எதை வைத்துத் தாங்குவது என்பதற்கான ஏடுதான் இல்லை.

எனவே நம் கோரிக்கை ஒன்றே. பேரவையில் ஒவ்வொரு மசோதாவின் இறுதி வாக்கெடுப்பும் பெயர் வாரியாகப் பதிவாக வேண்டும். மறுநாளே மக்கள் பார்வைக்கு வர வேண்டும். அதற்கு விதியைத் திருத்தும் வரை, எண்ணிக் கணக்கிடும்படி ஒவ்வொரு முறையும் கேட்கும் கடமை எதிர்க்கட்சிகளுக்கு உண்டு. அடுத்த முறை வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், ஆரத்தித் தட்டை எடுக்கும் முன் இந்த ஒரு வாக்குறுதியை அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால், மறுத்தவர் பெயரை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.