விசில் ஊதும் பிள்ளைக்கு யார் துணை?

இங்கிலாந்தில் 14 வயது நிறைந்தால் கால்பந்து நடுவர் பயிற்சியில் சேரலாம். பயிற்சி முடிந்ததும் பெரும்பாலும் சிறுவர் ஆட்டங்கள்தான் கிடைக்கும். ஆட்டத்துக்கு முன்பே வேலை தொடங்கிவிடும்: கோல் வலையில் கிழிசல் இருக்கிறதா, எல்லாரும் ஷின்கார்டு போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். காதில் தோடு இருந்தால் கழற்றச் சொல்ல வேண்டும். மேலே டேப் ஒட்டி மறைப்பதை விதி ஏற்காது.

இதையெல்லாம் கற்றுவிடலாம். கோட்டோரம் நின்று கத்தும் பெற்றோரைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

நெதர்லாந்தின் அல்மேரே நகரில் 2012 டிசம்பரில், மகன் ஆடிய அணிக்காகக் கோட்டு நடுவராகக் கொடி பிடித்த ரிச்சர்ட் நியூவென்ஹுய்சனை எதிரணியினர் அடித்து உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்தார். மறு ஆண்டு தண்டிக்கப்பட்டவர்களில் ஆறு பேர் பதின்வயதுப் பையன்கள். ஏழாமவர் அவர்களில் ஒருவரின் தந்தை.

இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 2023 பிப்ரவரியில் மிடில்ஸ்பரோ வட்டார நடுவர்களுக்குச் சட்டையில் கேமரா மாட்டிப் பார்த்தது. நல்ல முயற்சிதான். ஆனால் கேமரா சாட்சிதான் சொல்லும், சண்டையை விலக்கிவிடாது. பெற்றோர் வரம்பு மீறினால் ஆட்டத்தை நிறுத்தி அவர்களை வெளியேற்றும் பொறுப்பைக் கிளப் பயிற்சியாளரே ஏற்க வேண்டும். தவறினால் அணியின் புள்ளிகளைக் கழிக்க வேண்டும். வளர்ந்தவர்களை அடக்கும் வேலையைப் பதினான்கு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டுவது எந்த விதத்தில் நியாயம்?