சந்தைக்குச் சுத்தமான தண்ணீர் எங்கே?

2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார். அந்தக் கடையில் எடுத்த மாதிரிகளில் சால்மோனெல்லா, ஷிகெல்லா கிருமிகள் இருந்ததாக அம்மாநில அரசு அறிவித்தது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி பலியானார். 40க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். உடனே அந்த மாவட்டத்தில் ஷவர்மா விற்பனைக்குத் தடை விழுந்தது. நோய் வந்தது ஒரு கடை உணவால். அடுப்பை அணைத்தவர்களோ அத்தனை கடைக்காரர்களும்!

இந்தத் தொழிலில் நம் இளைஞர்கள் ஏராளம். கறிக்கடை, கோழிக்கடை, பிரியாணிக்கடை, காய்கறி, பழ வியாபாரம் என்று நம் சமுதாயத்தின் பிழைப்பே சந்தையை நம்பித்தான் இருக்கிறது. ஆகவே இதை யாரோ ஒரு கடைக்காரரின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது.

கிருமி எங்கிருந்து வருகிறது? சால்மோனெல்லா கோழியின் குடலில் வாழ்வது. அறுத்துச் சுத்தம் செய்யும்போது குடல் கிழிந்தால் இறைச்சியில் ஒட்டிக் கொள்கிறது. அதே கத்தி, அதே கட்டை வழியாக அடுத்த கோழிக்கும் போகிறது. ஷிகெல்லா மனிதக் கழிவிலிருந்து கை வழியாகவும் தண்ணீர் வழியாகவும் பரவுவது. சாக்கடை கலந்த நீரில் அலசிய கீரையும் கொத்தமல்லியும் பார்வைக்குப் பசுமையாகத்தான் இருக்கும். அசுத்த நீரில் செய்த ஐஸ்கட்டி மீனைக் குளிர வைக்கும். கூடவே கிருமியையும் பூசிவிடும்.

வெயில் இதற்குத் துணை. சாதகமான சூட்டில் சால்மோனெல்லா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். காலை 6 மணிக்கு ஒன்றாக இருந்த கிருமி, இந்த வேகத்தில் போனால் பகல் 1 மணிக்கு 20 லட்சத்தைத் தாண்டிவிடும். நன்றாக வேகவைத்தால் செத்துவிடும், உண்மைதான். வேகாத வெங்காயமும் வெள்ளரியும் முட்டைக்கோசும் நறுக்கிய பழமும் என்னாவது? பச்சை முட்டை மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது இந்த ஆபத்தை உணர்ந்துதான்.

தடை போடத் தெரிந்த அரசுக்குத் தண்ணீர் கொடுக்கத் தெரியாதா? ஒரு சாவு நடந்தால் அதிகாரிகள் படையாக வருகிறார்கள். இறைச்சியில் பினாயில் ஊற்றுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். சுகாதாரமற்ற நிலையில் உணவு தயாரித்தால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 56வது பிரிவு. நல்ல சட்டம்தான். ஆனால் வாடகையும் கட்டணமும் வசூலித்துக் கொண்டு, சந்தைக்கு ஒரு நல்ல குழாயோ கை கழுவ இடத்தோடு கூடிய கழிப்பறையோ மூடிய சாக்கடையோ தராத உள்ளாட்சி நிர்வாகத்துக்கு யார் அபராதம் போடுவது?

பரிசோதனை முடியுமுன் பழி சுமத்துவதும் பெரும் அநீதி. 2011இல் ஜெர்மனியில் ஈகோலி கிருமியால் ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்று, 50க்கும் அதிகமானோர் மாண்டனர். ஸ்பெயின் வெள்ளரிக்காய்தான் காரணம் என்று ஹாம்பர்க் அதிகாரிகள் அவசரப்பட்டு அறிவித்தார்கள். உண்மைக் காரணம் முளைகட்டிய வெந்தயம் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் விளைச்சல் குப்பைக்குப் போய்விட்டது. நஷ்டமடைந்த காய்கறி விவசாயிகளுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 21 கோடி யூரோ ஒதுக்க வேண்டி வந்தது. நம் ஊர்த் தள்ளுவண்டிக்காரருக்கு இப்படி நேர்ந்தால் யார் ஈடு கொடுப்பார்?

வணிகச் சகோதரர்களே! அரசைக் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஹலால் என்று பலகை மாட்டிவிட்டு, அறுத்த கறியைச் சாக்கடை ஓரத்தில் ஈ மொய்க்கத் தொங்கவிடுவது என்ன நியாயம்? பச்சைக் கறிக்கு ஒரு கத்தி, காய்க்கு வேறொரு கத்தி வையுங்கள். கறி வெட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கல்லாவைத் தொடுங்கள். விற்காததைக் குளிர்பெட்டியில் வையுங்கள். மிஞ்சிய ஷவர்மாவை மறுநாள் சூடுகாட்டி விற்காதீர்கள். ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேட்டு வாங்குங்கள்.

இளைஞர்களே! உங்கள் ஊர்ச் சந்தைத் தண்ணீர் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, முடிவு என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் செலுத்தி, வாங்கிய உணவை அரசு ஆய்வாளரிடம் பரிசோதிக்கும் உரிமையை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40வது பிரிவு வாங்குபவருக்கே தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

மாநகராட்சிகளும் நகராட்சிகளும் ஒவ்வொரு சந்தைக்கும் சுத்தமான குடிநீர்க் குழாய், குளிர்பதன அறை, சுகாதாரமான அறுவைக்கூடம் அமைத்துத் தர வேண்டும். தண்ணீர் பரிசோதனையின் முடிவைச் சந்தை வாசலில் ஒட்ட வேண்டும். இன்னொரு பிள்ளையின் ஜனாஸாவுக்குப் பிறகுதான் இதெல்லாம் நடக்க வேண்டுமா?